திரைக்கு அப்பால் ஒரு துணை

(உரைநடைப் பகுதி)

கற்றல் நோக்கங்கள்

• தொலைவிலிருந்து இளையோருக்கு வழிகாட்டும் முறையின் வரலாற்றையும் இயல்பையும் அறிதல்.
• நல்ல வழிகாட்டியையும் போலித் துணையையும் வேறுபடுத்தி உணர்தல்.
• தன்வினை, பிறவினைச் சொற்களை இனங்கண்டு பயன்படுத்துதல்.

நுழையும்முன்

வீட்டில் பெற்றோரும் பள்ளியில் ஆசிரியரும் நமக்கு வழிகாட்டுகின்றனர். இன்று இவர்களோடு, நாம் நேரில் கண்டிராத ஒருவரும் இணையத்தின் வழியே நமக்குக் கற்றுத்தரலாம், அறிவுரை கூறலாம். அவ்வாறு வருபவரால் பெரும் பயன் விளைவதுண்டு. பெருந்தீங்கு நேர்வதும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு? இப்பாடம் அதனை ஆராய்கிறது.

கடல் கடந்த கடிதம்

தொலைவிலிருந்து வழிகாட்டும் முறை இணையத்தோடு பிறந்ததன்று. 1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள், சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகப் பணிபுரிந்த இளைஞர் ஒருவர், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருந்த கணித அறிஞர் ஜி. எச். ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். அவருடைய மாத ஊதியம் 30 ரூபாய். அவரிடம் பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. கடிதத்தோடு இணைத்த தாள்களில் அவர் தாமே கண்டறிந்த கணித முடிவுகள் நிறைந்திருந்தன. அந்த இளைஞர்தாம் சீனிவாச இராமானுஜன்.

அதற்குமுன் வேறு அறிஞர்களுக்கும் இராமானுஜன் எழுதியிருந்தார். அவற்றால் பயன் விளையவில்லை. ஹார்டியோ அத்தாள்களை ஒதுக்கிவிடாமல், தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து ஆராய்ந்தார். எழுதியவர் அரிய ஆற்றல் உடையவர் என்பதை உணர்ந்தார். பிப்ரவரி 8ஆம் நாள் மறுமொழி எழுதினார். அதில் பாராட்டும் இருந்தது. ஒரு கோரிக்கையும் இருந்தது. கண்ட முடிவுகளுக்கு மெய்ப்பிப்புகளை எழுதியனுப்புமாறு அவர் கேட்டார். விடையைக் காண்பதோடு நிறைவடையாமல், அவ்விடை சரியானது என்று நிறுவவும் வேண்டும் என்னும் கணித ஒழுக்கத்தை அக்கடிதம் இராமானுஜன் முன் வைத்தது.

இங்கு மற்றொரு செய்தியையும் நாம் மறத்தலாகாது. ஹார்டி தொலைவில் இருந்தார். இராமானுஜனுக்கு அருகிலும் துணை இருந்தது. துறைமுகக் கழகத்தின் கணக்குத்துறை அதிகாரியான நாராயண ஐயர் அவரோடு அமர்ந்து கணக்குகளை ஆராய்ந்தார். கழகத்தின் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவருடைய முயற்சிக்கு ஊக்கமளித்தார். நெல்லூர் ஆட்சியராக இருந்த இராமச்சந்திர ராவ் அதற்கு முன்பே பொருளுதவி செய்திருந்தார். ஹார்டியின் மறுமொழிக்குப் பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கியது. 1914ஆம் ஆண்டு ஏப்ரலில் இராமானுஜன் இங்கிலாந்தை அடைந்தார். 1918இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினரானார்.

தொலைவில் இருந்தவர் ஆற்றலை அறிந்து அதற்கு நெறி காட்டினார். அருகில் இருந்தவர்கள் அந்த ஆற்றலைப் பேணினர். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தமையால் இராமானுஜனின் வாழ்வு திசை திரும்பியது. அக்காலத்தில் ஒரு கேள்வி கடலைக் கடந்து விடையோடு திரும்பப் பல வாரங்கள் ஆயின. இன்று அது நொடிப்பொழுதில் நிகழ்கிறது. ஆயினும், தொலைவும் அண்மையும் இணைய வேண்டும் என்னும் நெறி மாறவில்லை.

சுவரில் ஒரு கணினி

1999ஆம் ஆண்டு டெல்லியின் கால்காஜி பகுதியில் ஒரு புதுமை நிகழ்ந்தது. என்.ஐ.ஐ.டி. நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் பணியாற்றிய சுகதா மித்ரா என்பவர், அலுவலகச் சுற்றுச்சுவரில் துளையிட்டு, அதில் இணைய வசதியுள்ள கணினி ஒன்றைப் பொருத்தினார். சுவரின் மறுபுறம் குடிசைப்பகுதி. அங்கு வாழ்ந்த சிறுவர்கள் அதற்குமுன் கணினியைத் தொட்டதில்லை. ஆங்கிலமும் அவர்களுக்குப் பழக்கமில்லை. அவர்களுக்கு எவரும் கற்றுத்தரவில்லை. ஆயினும் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தும் கேட்டும் கணினியை இயக்கக் கற்றுக்கொண்டனர்.

இம்முயற்சி ‘சுவரில் ஒரு துளை’ என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது. பின்னர் வேறு பல ஊர்களிலும் இத்தகைய கணினிகள் நிறுவப்பட்டன. அவை எல்லா இடங்களிலும் ஒரே வகையான பயனைத் தரவில்லை. சில ஊர்களில் கருவிகள் பழுதுபட்டுக் கவனிப்பாரற்றுப் போயின. குழந்தைகளின் ஆர்வம் பெரிது என்பதைக் கால்காஜி காட்டியது; அந்த ஆர்வத்தைப் பேண மனிதர் வேண்டும் என்பதைப் பிற ஊர்கள் காட்டின.

காளிக்குப்பம் கற்பித்த பாடம்

குழந்தைகள் தாமாகவே எவ்வளவு தொலைவு செல்ல இயலும் என்பதை அறிய மித்ரா விரும்பினார். அதற்குத் தென்னிந்தியாவில் தமிழ் பேசும் சிற்றூரான காளிக்குப்பத்தைத் தேர்ந்தெடுத்தார். அங்குள்ள கணினியில் மூலக்கூற்று உயிரியல் பற்றிய பாடங்கள் ஆங்கிலத்தில் வைக்கப்பட்டன. கல்லூரி மாணவரும் கடினமெனக் கருதும் பாடம். அதுவும் பழகாத மொழியில்.

மித்ரா தம் உரைகளில் கூறும் கணக்கின்படி, தொடக்கத்தில் குழந்தைகள் பெற்ற மதிப்பெண் பூச்சியம். சில மாதங்கள் தாமாகவே முயன்றபின் அது ஏறத்தாழ 30 விழுக்காடாக உயர்ந்தது. அதற்குமேல் உயர்த்த என்ன செய்வது? அவ்வூரில் பாடம் தெரிந்த ஆசிரியர் கிடைக்கவில்லை. ஆனால், குழந்தைகளோடு நாளும் விளையாடிவந்த 22 வயதுப் பெண் ஒருவர் இருந்தார். அவர் கணக்கர், உயிரியல் அறியாதவர். அவரையே துணையாக இருக்குமாறு மித்ரா வேண்டினார். “எனக்கு இப்பாடம் தெரியாதே, எவ்வாறு உதவுவேன்?” என்பது அவருடைய ஐயம்.

அதற்கு மித்ரா கூறிய வழி எளியது. ஒரு பாட்டி தன் பேரக்குழந்தைகளின் பின்னால் நின்று வியந்து பாராட்டுவதுபோல் நிற்க வேண்டும். இதை எப்படிச் செய்தாய், இது என்ன, அடுத்து என்ன வரும் என்று ஆர்வத்தோடு வினவ வேண்டும். அவ்வளவே. அப்பெண் அவ்வாறே செய்தார். குழந்தைகளின் மதிப்பெண் ஏறத்தாழ 50 விழுக்காட்டை எட்டியது. 2010ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுக்கட்டுரை, துணை கிடைத்தபின் அச்சிற்றூர்க் குழந்தைகள் டெல்லித் தனியார் பள்ளி மாணவர்களுக்கு நிகராக விளங்கினர் என்று தெரிவிக்கிறது.

விடை அறியாத ஒருவரும் வழிகாட்ட இயலும் என்பது வியப்பைத் தரலாம். நன்கு எண்ணிப் பார்த்தால் அதன் காரணம் விளங்கும். கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் எனில், சொல்பவர் தம் எண்ணத்தை ஒழுங்குபடுத்திக்கொள்கிறார். சொல்ல முற்படும்போதுதான், தமக்குப் புரிந்தது எது, புரியாதது எது என்பது அவருக்கே தெளிவாகிறது. மீண்டும் நூலையோ கணினியையோ நாடுகிறார். இவ்வாறு, அன்போடு கேட்கப்பட்ட ஒரு வினா கற்பவரை அடுத்த படிக்கு ஏற்றுகிறது.

பாட்டியர் மேகம்

காளிக்குப்பத்தில் துணை நின்றவர் நேரில் இருந்தார். அத்தகைய துணையை இணையம் வழியே அனுப்ப இயலுமா என்னும் வினா அடுத்து எழுந்தது. 2009ஆம் ஆண்டு, வாரந்தோறும் சிறிது நேரத்தை இந்தியக் குழந்தைகளுக்காக ஒதுக்க விரும்புவோர் முன்வருமாறு பிரிட்டனில் வேண்டுகோள் விடுக்கப்பட்டது. பலர் முன்வந்தனர். அவர்களுள் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இருந்தனர். இவ்வமைப்பு ‘கிரானி கிளவுட்’, அதாவது ‘பாட்டியர் மேகம்’ எனப் பெயர் பெற்றது. உறுப்பினர் அனைவரும் பாட்டியர் அல்லர். ஆண்களும் இளையோரும் உண்டு. பாட்டியின் இயல்பே பெயராயிற்று.

அவர்கள் ஸ்கைப் செயலியின் வழியே குழந்தைகளோடு உரையாடினர். கதை படித்தனர், படம் வரையச் செய்தனர், புதிர் போட்டனர், தம் ஊரின் வானிலையைக் காட்டிக் குழந்தைகளின் ஊரைப் பற்றிக் கேட்டறிந்தனர். குழந்தைகள் குழுவாக அமர்ந்து பங்கேற்றனர். பாடநூலை நடத்தி முடிப்பது அவர்களின் நோக்கமன்று. குழந்தைகள் தயக்கமின்றிப் பேசவும், தாமே தேடிக் கற்கவும் வேண்டும் என்பதே நோக்கமாக இருந்தது.

2013ஆம் ஆண்டு மித்ராவுக்கு டெட் பரிசு கிடைத்தது. அத்தொகையைக் கொண்டு ‘மேகப் பள்ளி’ எனப்படும் கற்றல் கூடங்கள் ஏழு நிறுவப்பட்டன. அவற்றுள் ஐந்து இந்தியாவிலும் இரண்டு இங்கிலாந்திலும் அமைந்தன. கால்காஜியில் ஒன்று, மேற்கு வங்கத்தின் சுந்தரவனப் பகுதியிலுள்ள கொராகாட்டி என்னும் சிற்றூரில் மற்றொன்று. கொராகாட்டி போன்ற ஊர்களில் மின்சாரமும் இணைய இணைப்பும் எளிதில் கிட்டுவன அல்ல. படம் உறைந்து நிற்கும். குரல் பாதியில் அறும். தொலைவிலிருந்து வழிகாட்டுபவருக்கு முதலில் வேண்டுவது பொறுமை என்பதை இணைப்பின் குறையே கற்பித்துவிடும்.

ஓர் உரையாடல்

தொலைவிலிருந்து வழிகாட்டும் முறை எவ்வாறு நிகழ்கிறது என்பதை விளக்க, கற்பனையான ஓர் உரையாடலைக் காண்போம். மாணவி டெல்லியில் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். வழிகாட்டி கோயம்புத்தூரில் வாழும் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை. சனிக்கிழமைதோறும் மாலையில் அரைமணி நேரம் இருவரும் காணொலியில் பேசுவர். மாணவி கூடத்தில் அமர்ந்து பேசுகிறாள். அவளுடைய தாய் அருகில் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மாணவி: அம்மா, எங்கள் வீட்டில் ஒரு வாரமாகத் தயிர் சரியாக உறையவில்லை. கும்பகோணத்தில் பாட்டி இரவில் உறை ஊற்றினால் காலையில் கட்டித் தயிராக இருக்கும். இங்கே ஏன் அப்படி ஆவதில்லை?

வழிகாட்டி: நல்ல கேள்வி. பாட்டியின் சமையலறைக்கும் உங்கள் சமையலறைக்கும் என்னென்ன வேறுபாடுகள் இருக்கின்றன?

மாணவி: பால் வேறு. பாத்திரமும் வேறு, பாட்டி மண்சட்டியில் உறை ஊற்றுவார், நாங்கள் எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றுகிறோம். அப்புறம், இங்கே இப்போது கடுங்குளிர்.

வழிகாட்டி: மூன்று வேறுபாடுகள் சொன்னாய். அவற்றுள் எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்?

மாணவி: (சிறிது நேரம் எண்ணிப் பார்த்து) மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

வழிகாட்டி: அப்படியானால் இன்றிரவு என்ன செய்யப்போகிறாய்?

மாணவி: ஒரே பாலை இரண்டு எவர்சில்வர் கிண்ணங்களில் ஊற்றி, ஒரே அளவு உறைமோர் விடுவேன். ஒன்றை மேடைமேல் வைப்பேன். மற்றொன்றைக் கம்பளியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைப்பேன்.

வழிகாட்டி: உன் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு செய். காலையில் கண்டதைத் தேதியிட்டு எழுதி வை. அடுத்த சனிக்கிழமை நீ சொல், நான் கேட்கிறேன்.

இவ்வுரையாடலில் வழிகாட்டி ஒரு விடையையும் கூறவில்லை. பாலைத் தயிராக்கும் பாக்டீரியாக்கள் ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் விரைந்து பெருகும் என்பதும், குளிரில் அவற்றின் செயல் மந்தமாகும் என்பதும் அவர் அறிந்தவையே. அவற்றை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடவும் இயலும். சொல்லியிருந்தால் மாணவி ஒரு செய்தியைப் பெற்றிருப்பாள். சொல்லாமல் வினவியதால் ஓர் ஆய்வுமுறையைத் தானே கண்டடைந்தாள். மாணவி எண்ணிப் பார்த்தபோது வழிகாட்டி இடையில் பேசாமல் காத்திருந்ததையும் நோக்குக. திரையில் அமைதி நிலவும்போது, இணைப்பு அறுந்ததோ என்னும் ஐயம் எழும். பேசி அந்த இடைவெளியை நிரப்பத் தோன்றும். அதனைத் தாங்கிக்கொள்பவரே கற்பவருக்குச் சிந்திக்க இடம் தருகிறார்.

நல்ல வழிகாட்டி யார்?

இவ்வினாவை நம் முன்னோர் நெடுங்காலத்திற்கு முன்பே எழுப்பியுள்ளனர். பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், நல்லாசிரியரின் இயல்புக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கையும் உவமை கூறுகிறது. நிலம், உழுபவரின் முயற்சிக்கு ஏற்ப விளைச்சலைத் தருவது. நல்லாசிரியரும் மாணவரின் முயற்சிக்கு ஏற்பப் பயன் தருவார். தயிர் பற்றிய உரையாடலில் நாம் கண்ட வழிகாட்டி அத்தகையவர்.

ஆசிரியர் ஆகாதவருக்கும் நன்னூல் உவமைகள் கூறுகிறது. மடற்பனை அவற்றுள் ஒன்று. சுற்றிலும் மட்டைகள் நிறைந்த பனையில் எவரும் ஏறிப் பழம் பறிக்க இயலாது. அதுவாக உதிர்த்தால்தான் உண்டு. மாணவர் கேட்டும் அணுக இடம் தராமல், தாம் நினைத்தபோது மட்டும் பேசுபவர் மடற்பனை போன்றவர். கழற்குடம் மற்றொன்று. குடத்தில் இட்ட கழற்காய்கள் இட்ட வரிசையில் வெளிவருவதில்லை. அதுபோல முறை பிறழக் கற்பிப்பவர் கழற்குடம் ஆவார். இணையத்தில் நாள்தோறும் நம் கண்ணெதிரே வந்து குவியும் அறிவுரைக் காணொலிகள் பலவற்றிற்கு இவ்வுவமை இன்றும் பொருந்தும்.

இவற்றைக் கொண்டு, இணையவழி வழிகாட்டிக்குரிய இயல்புகளைத் தொகுத்துக் கூறலாம். அவர் குறித்த நாளில் குறித்த நேரத்தில் வருவார். வர இயலாவிடில் முன்னரே தெரிவிப்பார். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று கூறுவார். மாணவரின் வேலையைத் தாம் செய்து கொடுக்கமாட்டார். பெற்றோரும் ஆசிரியரும் அறிந்த இடத்திலேயே உரையாடுவார். மனச்சோர்வு, வன்முறை போன்ற பெருஞ்சிக்கல்களை மாணவர் வெளியிட்டால், தாமே மருத்துவராகவோ நீதிபதியாகவோ ஆகிவிடாமல், உரியவரிடம் சேர்ப்பார். மாணவர் தன்னம்பிக்கை பெற்றுத் தம்மை நாடுவது நாளடைவில் குறைவதைக் கண்டு மகிழ்வார்.

மறைவில் வருபவர்

வழிகாட்டி என்னும் பெயரோடு தீயோரும் வரக்கூடும். விளையாட்டுச் செயலியிலோ சமூக ஊடகத்திலோ அறிமுகமாகி, இளையோரின் நம்பிக்கையைப் பெற்று, பின்னர் அவர்களைத் துன்புறுத்துவோர் உள்ளனர். அவர்கள் தொடக்கத்தில் தீயவராகத் தோன்றுவதில்லை. வீட்டில் எவரும் புரிந்துகொள்ளாதவற்றை எல்லாம் தாம் புரிந்துகொள்வதாகக் கூறுவர். அளவுக்கு மீறிப் புகழ்வர். பரிசு அனுப்புவர், விளையாட்டுக்கான பணம் தருவர். பிறகு, பொதுவான இடத்தை விட்டுத் தனிச்செய்திக்கு அழைப்பர். இறுதியில், நம் நட்பை வீட்டில் சொல்லாதே என்பர். ஒளிப்படம் கேட்பர்; அது கிடைத்தபின் அதனைக் கொண்டே அச்சுறுத்துவர்.

இந்த வரிசையைக் கூர்ந்து நோக்கினால், எல்லாம் ஒரு புள்ளியை நோக்கியே செல்வது விளங்கும். இளையவரை அவருடைய அருகில் உள்ளோரிடமிருந்து பிரிப்பதே அப்புள்ளி. நல்ல வழிகாட்டி உறவுகளைக் கூட்டுவார். போலித் துணையோ உறவுகளைக் குறைப்பார். ஹார்டியின் கடிதத்தைப் பெற்ற இராமானுஜனைச் சூழ்ந்து ஆதரிப்போர் பெருகினர் என்பதை இங்கு நினைவுகூர்க. எனவே, எவரேனும் உரையாடலை மறைக்குமாறு கேட்டால், அவர் எவ்வளவு கற்றவராயினும், எவ்வளவு உதவியவராயினும், உரையாடலை அங்கேயே நிறுத்துக.

நிறுத்தியபின் செய்ய வேண்டுவன மூன்று. முதலாவது, நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடம் கூறுதல். பெற்றோரிடம் கூற அஞ்சினால் ஆசிரியரிடமோ, அத்தையிடமோ, அண்ணனிடமோ கூறலாம். இரண்டாவது, செய்திகளை அழிக்காமல் வைத்திருத்தல், அவை சான்றாகும். மூன்றாவது, உதவி எண்ணை அழைத்தல். குழந்தைகள் உதவி எண் 1098. இணையவழிக் குற்றங்களுக்கான எண் 1930. மனநல ஆலோசனைக்கான டெலி-மானஸ் எண் 14416. பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் உள்ளது. படம் அனுப்பிவிட்டோமே, நாமும் குற்றவாளியோ என்று மயங்கி மௌனமாக இருப்போர் பலர். ஏமாற்றியவரே குற்றவாளி, ஏமாற்றப்பட்டவர் அல்லர். மௌனம் நீடிக்கும்வரை அச்சுறுத்துபவரின் கை ஓங்கியிருக்கும்; ஒருவரிடம் கூறியவுடன் அது தளரத் தொடங்கும்.

நீங்களும் வழிகாட்டலாம்

வழிகாட்டுதற்கு முதுமை வேண்டும் என்பதில்லை. பதினோராம் வகுப்பு மாணவர் ஏழாம் வகுப்பு மாணவருக்குப் பின்னத்தை விளக்கலாம். டெல்லியிலும் மும்பையிலும் வளர்ந்து, தமிழை விருப்பப்பாடமாகப் பயிலும் நீங்கள், எழுத்துக்கூட்டிப் படிக்கும் தம்பி தங்கையருக்கு வாரம் ஒருமுறை கதை படிக்கக் கேட்கலாம். அவர்கள் தடுமாறும் சொல்லை உடனே எடுத்துத் தராமல் சற்றுக் காத்திருங்கள். அச்சொல்லை அவர்களே படித்து முடிக்கும்போது, முகத்தில் தோன்றும் ஒளியைத் திரையிலும் காணலாம்.

அதற்குமுன் ஆசிரியரின் ஒப்புதலையும் இரு வீட்டாரின் ஒப்புதலையும் பெறுங்கள். நாளையும் நேரத்தையும் எழுதிக்கொடுங்கள். பெரியவர் ஒருவர் வந்துபோகும் அறையில் அமர்ந்து பேசுங்கள். தம்பியின் பிழையைப் படம்பிடித்துப் பிறருக்கு அனுப்பாதீர்கள். உங்களை நம்பி அவன் தவறு செய்திருக்கிறான். அந்நம்பிக்கையைக் காப்பதே வழிகாட்டியின் முதற்கடமை. சில மாதங்கள் கழித்து, இனி நானே படித்துக்கொள்வேன் என்று அவன் கூறினால் வருந்தாதீர்கள். உங்கள் பணி நிறைவேறிற்று.

சொல்லும் பொருளும்

மெய்ப்பிப்பு – ஒரு முடிவு சரியானது என்பதை நிறுவுதல்
விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு என்னும் கணக்கு
உறைமோர் – பாலைத் தயிராக்க ஊற்றும் மோர்
நிறைகோல் – தராசு
கழற்காய் – கழற்கொடியின் காய்
பாயிரம் – நூலின் முன்னுரை
பிறழ்தல் – முறை மாறுதல்

தெரிந்து தெளிவோம்

2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிறைவடையாதோரைக் குழந்தைகள் எனக் கொள்கிறது. அவர்களுடைய தனிப்பட்ட விவரங்களைக் கையாளப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும் என்றும் அது கூறுகிறது.

பயிற்சிகள்

அ) சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. இராமானுஜன் ஹார்டிக்குக் கடிதம் எழுதிய ஆண்டு
அ) 1899  ஆ) 1913  இ) 1914  ஈ) 1918

2. ‘சுவரில் ஒரு துளை’ முயற்சி தொடங்கிய இடம்
அ) காளிக்குப்பம்  ஆ) கொராகாட்டி  இ) கால்காஜி  ஈ) கேம்பிரிட்ஜ்

3. முயற்சிக்கு ஏற்பப் பயன் தரும் நல்லாசிரியருக்கு நன்னூல் கூறும் உவமை
அ) மடற்பனை  ஆ) நிலம்  இ) கழற்குடம்  ஈ) மலர்

ஆ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. ஹார்டி இராமானுஜனிடம் கேட்டது யாது?
2. காளிக்குப்பத்தில் துணை நின்ற பெண் குழந்தைகளுக்கு எவ்வாறு உதவினார்?
3. ‘பாட்டியர் மேகம்’ என்னும் பெயர் பொருந்துவது ஏன்?
4. தவறான செய்திகள் வந்தால் அவற்றை அழிக்கலாகாது என்பது ஏன்?

இ) சுருக்கமாக விடை எழுதுக.

1. தயிர் பற்றிய உரையாடலில் வழிகாட்டி விடையை நேரடியாகக் கூறியிருந்தால் மாணவி இழந்திருப்பது என்ன? விளக்குக.
2. நல்ல வழிகாட்டி உறவுகளைக் கூட்டுவார். போலித் துணை உறவுகளைக் குறைப்பார். இக்கூற்றைப் பாடக் கருத்துகளின் துணையோடு நிறுவுக.

ஈ) விரிவாக விடை எழுதுக.

வழிகாட்டுவதற்குப் பாட அறிவு இன்றியமையாததா? ஹார்டி, காளிக்குப்பத்துப் பெண் ஆகிய இருவரையும் ஒப்பிட்டு உம் கருத்தை எழுதுக.

உ) பிரித்து எழுதுக.

சிற்றூர், தன்னம்பிக்கை, கண்ணெதிரே, நல்லாசிரியர்

ஊ) மொழிப்பயிற்சி: தன்வினை, பிறவினை

எழுவாய் தானே ஒரு செயலைச் செய்வது தன்வினை. எழுவாய் பிறரைக் கொண்டு ஒரு செயலைச் செய்விப்பது பிறவினை.

எடுத்துக்காட்டு: மாணவி கற்றாள் (தன்வினை). ஆசிரியை மாணவிக்குக் கற்பித்தார் (பிறவினை).

கீழ்க்காணும் தொடர்களைப் பிறவினையாக மாற்றுக.

1. தம்பி தன் பிழையில் திருந்தினான்.
2. குழந்தைகள் வட்டமாக அமர்ந்தனர்.
3. மாணவர்கள் படம் வரைந்தனர்.

எ) செயல்திட்டம்

உம் வகுப்பில் நால்வர் கொண்ட குழுக்களை அமைத்து, இளைய வகுப்பு மாணவர் ஒருவருக்கு நான்கு வாரங்கள் தமிழ் வாசிக்க இணையம் வழியே துணை நிற்கும் திட்டம் ஒன்றை ஆசிரியரின் மேற்பார்வையில் வகுக்க. அதில் நாள், நேரம், உடனிருக்கும் பெரியவர், ஒவ்வொரு வாரமும் கேட்கவிருக்கும் மூன்று வினாக்கள் ஆகியவற்றைக் குறிப்பிடுக.